பழக்கம் உண்டா?

என் மனைவி ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்கிற கேள்விகளை வேறு யாராவது கேட்டால் செருப்பு பறக்கும். சிகரெட், குடி, போதை மாத்திரை என்று ஒன்றுவிடாமல் கேட்பாள், அதுவும் பதினாறு வயதுப் பிள்ளைகளிடம், அவர்கள் வீட்டு மாடிப்படியிலேயே உட்கார்ந்துகொண்டு. அவளிடம் மட்டும் யாருக்கும் கோபம் வருவதில்லை. ‘கேள்வியக்கா வந்தாச்சு’ என்று பிள்ளைகளே கதவைத் திறந்துவிடுவார்கள். அந்தப் பெயர் அப்படியே ஒட்டிக்கொண்டது. ஆஸ்பத்திரி வாசல் காவலாளியும் அப்படித்தான் கூப்பிடுகிறார். நானும் வம்புக்கு அப்படிக் கூப்பிடுவேன், அவளும் திரும்பிப் பார்ப்பாள்.

ஆஸ்பத்திரிக்காக வீடு வீடாகப் போய் விசாரிக்கிற இந்த வேலைக்கு முன்னால் அவள் ஒரு கம்பெனியின் புகார்ப் பிரிவில் போன் எடுத்துக்கொண்டிருந்தாள். நான் அதே கம்பெனியில் ஃபிரிட்ஜ் மெக்கானிக். ‘ஆள் வரவே இல்லை’ என்று கத்துகிறவர்களிடம் என் சார்பில் திட்டு வாங்கினவள் அவள்தான். நடுவில் பேச மாட்டாள். எதிராளி கத்தி ஓய்ந்து, ‘சரி, நாளைக்காவது அனுப்புங்க’ என்று தானே இறங்கி வருவான். எனக்கோ மூக்குக்கு மேல் கோபம் வரும். இவளிடம் சண்டை போட்டு ஜெயிக்க முடியாது என்று தெரிந்தேதான் கல்யாணம் செய்துகொண்டேன். எங்கள் வீட்டில் சண்டை என்றால் நான் மட்டும் பேசுவது என்று அர்த்தம்.

எங்களுக்கு ஒரே பையன். அவனுக்கு நான் வைத்த பட்டப்பெயர் கம்ப்ரசர். ஓடும்போது வீடே அதிரும், நின்ற பிறகும் சூடு ஆறாது. உட்கார்ந்து சாப்பிட்டதில்லை. ஒரு செருப்பைப் போட்டுக்கொண்டு இன்னொன்றைத் தேடப் போகிறவன், தேடப் போனதை மறந்து மொட்டை மாடியில் நிற்பான். கேள்வி முடிவதற்குள் பதில் சொல்லிவிடுவான், அது வேறு ஏதோ கேள்விக்கான பதிலாக இருக்கும். பள்ளிக்கூடத்துக்கு நடந்து நடந்து எங்கள் கால் தேய்ந்தது. அவனுக்கு எட்டு வயதானபோது ஆஸ்பத்திரியில் ஏ.டி.எச்.டி. என்றார்கள். கவனம் ஓரிடத்தில் நிற்காது, கை கால் சும்மா இராது, மனதில் தோன்றியதை யோசிக்காமல் செய்துவிடுவான், இது அவன் திமிரும் இல்லை, உங்கள் வளர்ப்பின் குறையும் இல்லை என்று டாக்டரம்மா பொறுமையாகச் சொன்னார். நான் நம்பவில்லை. சுறுசுறுப்பான பிள்ளைக்கு நாலெழுத்தில் ஒரு வியாதியா என்று எரிச்சல்தான் வந்தது. அவள் நம்பினாள். அவள் நம்பியதால் வீட்டில் அவனுக்கு விழுந்த அடி நின்றது, மாத்திரையும் பயிற்சியும் ஆரம்பமாயின. பையன் ஓரளவு நிமிர்ந்தான் என்பதை நானும் ஒப்புக்கொள்ளத்தான் வேண்டும்.

அந்தச் சமயத்தில் ஒரு நாள், ஆஸ்பத்திரிக் கூடத்தில் காத்திருந்தபோது பக்கத்திலிருந்த ஒரு பெண்மணி, இந்த மாதிரிப் பிள்ளைகள்தான் வளர்ந்ததும் போதைக்குப் போய்விடுகின்றனவாம் என்று நாக்கில் நரம்பில்லாமல் சொல்லிவிட்டாள். உள்ளே போனதும் என் மனைவி டாக்டரம்மாவிடம் அதை நேராகக் கேட்டாள். அவர் மழுப்பவில்லை. அந்த ஆபத்து கொஞ்சம் கூடுதல் என்று பல ஆய்வுகள் சொல்கின்றன, ஆனால் எல்லாப் பிள்ளைக்கும் அப்படி ஆவதில்லை, யாருக்கு ஆகிறது, எதனால் ஆகிறது என்பது இன்னும் முழுசாகத் தெரியாது என்றார். வேறு யாராவது என்றால் அங்கேயே அழுதிருப்பார்கள். இவள் அந்தத் ‘தெரியாது’ என்ற வார்த்தையைப் பிடித்துக்கொண்டாள். சில வருடங்கள் கழித்து அதே டாக்டரம்மா, சின்ன வயதில் தன்னிடம் வந்துபோன பிள்ளைகளைத் தேடிப் பிடித்து விசாரிக்கும் ஆய்வு ஒன்றைத் தொடங்கினார். இவள் கம்பெனி வேலையை உதறிவிட்டு அதில் போய்ச் சேர்ந்தாள். இதென்ன வேண்டாத வேலை என்று நான் குதித்தேன்.

“அவன் எங்க போய் நிப்பான்னு எனக்குத் தெரியணும்ங்க,” என்றாள். வேறு காரணம் எதுவும் அவள் சொன்னதில்லை.

விசாரிக்க வேண்டிய பிள்ளைகளில் பாதிப் பேர் அந்தக் குறைபாடு இருந்தவர்கள். மீதிப் பேர் அவர்களோடு ஒரே வகுப்பில் படித்த மற்றவர்கள். யார் எந்தப் பக்கம் என்று அவளுக்குச் சொல்ல மாட்டார்கள். தெரிந்தால் கேட்கிற விதம் மாறிவிடுமாம். சொல்லாவிட்டால் என்ன, பேனாவை வாங்கிக் கழற்றி ஸ்பிரிங்கைத் தொலைக்கிற பிள்ளை எந்தப் பக்கம் என்று எனக்குத் தெரியாதா என்று அவள் சிரிப்பாள். அந்தப் பிள்ளைகள் மேல் அவளுக்குக் கூடுதலாக ஒரு பிரியம் உண்டு. வேலை செய்கிறவர்களின் பிள்ளைகளை ஆய்வில் சேர்க்கக் கூடாது என்பதால், அதே வயதுதான் என்றாலும் எங்கள் கம்ப்ரசர் எந்தப் பக்கமும் இல்லை.

கேள்விகள் ஆங்கிலத்தில் வந்தவை. அவற்றைத் தமிழில் மாற்ற நாலைந்து பேர் மேசையைச் சுற்றி உட்கார்ந்து மண்டையை உடைத்துக்கொண்டார்கள். என் மனைவியும் அதில் இருந்தாள். ‘பயன்படுத்தியிருக்கிறாயா’ என்று முதலில் எழுதினார்கள். சோப்பு விளம்பரம் மாதிரி இருக்கிறது என்று அதை அடித்தார்கள். ‘குடித்திருக்கிறாயா’ என்று எழுதி ஒரு சில வீடுகளில் கேட்டுப் பார்த்தார்கள். என் பிள்ளையைப் பார்த்தால் குடிகாரன் மாதிரியா இருக்கிறது என்று அம்மாக்கள் சிலிர்த்துக்கொண்டு எழுந்தார்கள். அப்போது என் மனைவிதான் ஒரு வார்த்தை எடுத்துக் கொடுத்தாள். நம் ஆட்கள் ஒருவனைப் பற்றி விசாரிக்கும்போது அவன் குடிப்பானா என்று வாய் கூசாமல் கேட்பார்களா? ‘ஆளுக்குப் பழக்கம் ஏதும் உண்டா’ என்றுதானே கேட்பார்கள். மரியாதையான வார்த்தை. யாருக்கும் சுருக்கென்று தைக்காது. டாக்டரம்மா உட்பட எல்லோரும் தலையாட்டினார்கள். அன்றைக்கு அவளுக்குக் கால் தரையில் பாவவில்லை.

பிறகு அந்த வார்த்தையோடு வீடு வீடாக ஏறி இறங்கினாள். வந்த பதில்களை ஒரு கட்டத்தில் கூட்டிப் பார்த்தபோது இரண்டு பக்கத்துக்கும் பெரிய வித்தியாசம் இல்லை. துறுதுறுப் பிள்ளைகள் மற்றவர்களைவிடச் சற்று நல்ல பிள்ளைகளாகவே இருந்தார்கள். டாக்டரம்மாவின் நெற்றி சுருங்கியதாம். வேறு இடங்களில் இப்படி வரவில்லையே, அவசரப்பட வேண்டாம் என்றாராம். என் மனைவி அதைக் காதில் போட்டுக்கொள்ளவே இல்லை. வீட்டுக்கு வந்து கைப்பையைக்கூடக் கீழே வைக்காமல் என்னிடம் சொன்னாள். தொடர்பு இல்லை, சின்ன வயதில் இப்படி இருந்தால் பின்னால் அப்படி ஆவான் என்பதெல்லாம் வெறும் பேச்சு. சொல்லும்போது முகமெல்லாம் சிரிப்பு.

அன்று சாயங்காலமே பையனையும் கூப்பிட்டுக் கேட்டுவிட்டாள். அவன் ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டிருந்தான். உனக்கு அந்த மாதிரிப் பழக்கம் ஏதாவது உண்டா என்று அவள் முடிப்பதற்குள் ‘இல்லம்மா’ என்று சொல்லிவிட்டு ஓடினான். ஒரு ஷூவின் கயிறு அவிழ்ந்தே கிடந்தது. நான் அவளைப் பார்த்தேன், அவள் என்னைப் பார்த்தாள், இரண்டு பேருக்கும் பெரிய நிம்மதி. வருஷக்கணக்கில் தூக்கத்தில் புரண்டுகொண்டே இருந்தவள் அதற்குப் பிறகு அடித்துப்போட்ட மாதிரி தூங்கினாள். எனக்கும் அந்த நாலெழுத்து வியாதியின் மேல் இருந்த கோபம் கொஞ்சம் குறைந்தது.

அந்த நிம்மதி நீடிக்கவில்லை.

அவள் விசாரித்தவர்களில் ஒரு பெண் இருந்தாள், அடுக்குமாடியில் மூன்றாம் மாடி. சரியான வாயாடி. பேனாவின் ஸ்பிரிங் மட்டுமில்லை, மூடியும் போச்சு என்று என் மனைவி அவளைப் பற்றிச் சிரிக்கச் சிரிக்கச் சொல்லியிருக்கிறாள். ஒவ்வொரு கேள்விக்கும் சடசடவென்று ‘இல்லக்கா, இல்லக்கா’ என்று முடித்துவிட்டுப் படிக்கட்டுக் கைப்பிடியில் சறுக்கிக்கொண்டு கீழே போனவள். அந்தப் பெண் ஒரு நாள் குடியோடு ஏதோ மாத்திரையையும் சேர்த்து விழுங்கி, பள்ளிக்கூடச் சுவரிலிருந்து விழுந்து, அதே ஆஸ்பத்திரிக்கு வந்து சேர்ந்தாள். உயிருக்கு ஒன்றுமில்லை. தோளெலும்பு முறிந்திருந்தது. அம்மாக்காரி வார்டு வாசலில் நின்று, எவளோ வந்து கேட்டாளே, கேட்டு என்ன கிழித்தாள் என்று அழுதுகொண்டிருந்தாள். அது என் மனைவியின் காதில் விழுந்தது.

உள்ளே போய்க் கட்டிலுக்குப் பக்கத்தில் உட்கார்ந்தாள். குற்றம் சொல்லவில்லை, வருத்தத்தோடுதான் கேட்டாள், என்னிடம் ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாமே என்று. அந்தப் பெண்ணுக்கு ஆச்சரியம்.

“நீங்க பழக்கம் இருக்கான்னுதானே கேட்டீங்க? எனக்கு எதுதான் பழக்கமாயிருக்கு? பல் விளக்குறதே பழக்கமாகலன்னு அம்மா தினம் திட்டுறாங்க. இது எப்பவாவது தோணும், செய்வேன். பழக்கமெல்லாம் இல்லக்கா.”

பொய் சொல்லவில்லை அந்தப் பெண். என் மனைவி அதைச் சொன்ன மாத்திரத்தில் எனக்கே சுரீர் என்றது. எத்தனை வாத்தியார்கள், எத்தனை தடவை எங்கள் பையனைப் பற்றியும் இதையே சொல்லியிருக்கிறார்கள். புத்தகத்தை எடுத்து வைக்கிற பழக்கம் இல்லை. உட்கார்ந்து எழுதுகிற பழக்கம் இல்லை. நேரத்துக்கு வருகிற பழக்கம் இல்லை. இப்படிக் கேட்டே வளர்ந்த பிள்ளையிடம் போய் பழக்கம் உண்டா என்றால் அது வேறு என்ன சொல்லும்? மற்றப் பிள்ளைகள் கொஞ்சம் நின்று, பழக்கம் என்று இல்லை, ஒரு தடவை நண்பன் வீட்டில் என்று இழுப்பார்கள். இவள் அதையும் எழுதிக்கொள்வாள். துறுதுறுப் பிள்ளைகள் இழுக்க மாட்டார்கள். இல்லை என்று சொல்லிவிட்டு எழுந்துவிடுவார்கள். அவள் தேடிக்கொடுத்த மரியாதையான வார்த்தை, தேட வேண்டிய பிள்ளைகளை மட்டும் பார்த்துப் பார்த்துத் தப்பவிட்டிருந்தது.

அன்றைக்கே டாக்டரம்மாவிடம் போய்ச் சொன்னாள். திட்டுவார் என்று நினைத்துக்கொண்டு போனாள். அவர் கண்ணாடியைக் கழற்றி வைத்தாராம். அந்த வார்த்தை எனக்கும்தான் பிடித்திருந்தது என்றாராம். பிறகு, முதலிலிருந்து எல்லோரையும் மறுபடி கேட்போம் என்றார். என்ன கேட்பது என்று இந்தத் தடவை யாரும் மண்டையை உடைத்துக்கொள்ளவில்லை. ஒரே ஒரு தடவையாவது குடித்துப் பார்த்திருக்கிறாயா, புகைத்துப் பார்த்திருக்கிறாயா, மாத்திரை போட்டுப் பார்த்திருக்கிறாயா. அவ்வளவுதான்.

மறுபடி அதே படிகளை ஏறினாள். சில அம்மாக்கள் கதவைச் சாத்தினார்கள், சிலர் நாக்கைப் பிடுங்கிக்கொள்கிற மாதிரி கேட்டார்கள். எதையும் வீட்டில் சொல்லிக் குறைபட்டுக்கொள்ளவில்லை. என்ன பதில் வருகிறது என்றும் சொல்ல மாட்டாள், சொல்லக் கூடாது. ஆனால் வாடி வதங்கிய முகத்தைப் பார்த்தாலே எனக்குத் தெரிந்துவிடும். முன்பு இல்லை என்ற பிள்ளைகள் இப்போது வேறு பதில் சொல்கிறார்கள். தொடர்பு இல்லை என்று சொல்லிச் சிரித்தவள் அந்தப் பேச்சையே எடுப்பதில்லை. தூக்கமும் போய்விட்டது.

ஊரெல்லாம் போய்க் கேட்டவள் ஒரே ஒரு பிள்ளையை மட்டும் கேட்கவில்லை. சாப்பாடு போடும்போது அவன் முகத்தையே பார்ப்பாள். அவன் சட்டையைத் துவைக்கப் போடும்முன் ஒரு கணம் கையிலேயே வைத்திருப்பாள். வாயைத் திறக்க மாட்டாள். எனக்குப் பொறுக்கவில்லை. என் பிள்ளையைக் கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்க்காதே, அவன்தான் அன்றைக்கே இல்லை என்று சொல்லிவிட்டானே என்று ஒரு நாள் சத்தம் போட்டேன். வழக்கம்போல் நான் ஓயும்வரை காத்திருந்தாள்.

“நான் என்ன கேட்டேன்னு உங்களுக்கும் தெரியும்,” என்றாள்.

தெரியும். அதனால்தான் சத்தம் போட்டேன். எனக்குப் பயமாக இருந்தது. கேட்காமல் இருக்கும்வரை அந்த ‘இல்லம்மா’ எங்களிடம் இருக்கிறது. கேட்டுவிட்டால் அதுவும் போய்விடும்.

ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் அவள் கேட்டாள். நான் கூடத்தில் ஒரு பழைய ஏசியைப் பிரித்துப் போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். பையன் சாப்பாட்டுத் தட்டோடு ஜன்னலுக்கும் வாசலுக்கும் நடந்துகொண்டிருந்தான். எங்கள் சமையலறை கூடத்தைவிட ஒரு படி உயரம். அவள் கையைத் துடைத்துக்கொண்டு வந்து அந்தப் படியில் உட்கார்ந்தாள். அவனைக் கூப்பிட்டுப் பக்கத்தில் உட்காரச் சொன்னாள். என்னவோ தெரியவில்லை, உட்கார்ந்தான். எதிர்ச் சுவரைப் பார்த்துக்கொண்டே, ஊர்ப் பிள்ளைகளிடம் கேட்பதை வார்த்தை மாறாமல் கேட்டாள்.

அவன் உடனே பதில் சொல்லவில்லை. கேள்வி முடிந்தும் சும்மா இருந்தான். அவன் அப்படி இருந்து நான் பார்த்ததே இல்லை.

“யாரு கேக்கறது?” என்றான். “அம்மா கேட்டா, இல்ல. கேள்வியக்கா கேட்டா, சொல்றேன்.”

எனக்கு ரத்தம் தலைக்கு ஏறியது. ஸ்பானரோடு எழுந்துவிட்டேன். அவள் என் பக்கம் திரும்பாமலே கையை மட்டும் உயர்த்தினாள். உட்கார்ந்தேன்.

“கேள்வியக்காதான் கேக்கறேன்,” என்றாள்.

சொன்னான். முதலில் சிகரெட், அதற்கப்புறம் ஒரு நண்பனின் அண்ணன் வாங்கிக் கொடுத்த பீர், அதற்கப்புறம் வேறொருவன் கொடுத்த மாத்திரை. அதைப் போட்டால் மண்டைக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் பேசுவது நின்றுவிடுகிறதாம். ஒரு தடவை எப்படி வீட்டுக்கு வந்து சேர்ந்தான் என்பதே அவனுக்கு நினைவில்லை. அன்றைக்குக் கதவைத் திறந்தது நான் என்பது மட்டும் நினைவிருக்கிறதாம். எங்கேடா ஊர் சுற்றிவிட்டு வருகிறாய் என்று கேட்டுவிட்டு டிவி பார்க்கப் போய்விட்டேனாம்.

அவள் குறுக்கே பேசவில்லை. கடைசியாக எப்போது, யாரோடு, அதற்கப்புறம் உடம்பு எப்படி இருந்தது, நீயே நிறுத்திப் பார்த்தாயா என்று ஒவ்வொன்றாகக் கேட்டாள். கண்ணில் ஒரு சொட்டுத் தண்ணீர் இல்லை. எனக்கே அவள் யாரோ மாதிரி இருந்தாள். நிறுத்திப் பார்த்தேன், முடியவில்லை என்றான். அதற்கு டாக்டர் இருக்கிறார், வழி இருக்கிறது, நாளைக்கே போகலாம் என்றாள். தலையாட்டினான். தட்டில் சோறு காய்ந்துகொண்டிருந்தது.

“அம்மாகிட்ட எப்படிச் சொல்றதுன்னு தெரியலக்கா,” என்றான். விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

“நான் பக்கத்துலயே இருக்கேன்,” என்றாள் அவள். “சொல்லு.”

அவன் தட்டைக் கீழே வைத்தான். அவள் பக்கமாகத் திரும்பி, ‘அம்மா’ என்றான். பிறகு அந்த முதல் சிகரெட்டிலிருந்து ஆரம்பித்து எல்லாவற்றையும் மறுபடி சொன்னான். இந்தத் தடவை அவள் அழுதாள்.